யூனியன் ஸ்கூலுக்கு எந்த எடைக்கல்?

2011 ஜூனில், அன்றைய ஈரோடு மாவட்ட ஆட்சியர் ஆர். ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தார். மற்றப் பெற்றோரோடு வரிசையில் நின்றார். பிள்ளைக்கு மதியம் பள்ளிச் சத்துணவே போதும் என்றார். செய்தி நாடு முழுக்கப் போனது. ஈரோட்டைச் சுற்றி அந்த வாரம் எங்கு போனாலும் ஒரே பேச்சு. "கலெக்டரு புள்ளையே அங்கதானுங்க படிக்குது. அப்ப நல்லாத்தான இருக்கோணும்?"

அந்த 'அப்ப' என்ற சொல்லை நான் பல வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் வரிசையில் வந்து நிற்பதற்கு முன்னால் இருந்த ஆசிரியர்களேதான் அவர் நகர்ந்த பிறகும் அங்கே இருந்தார்கள். கரும்பலகையும் அதுவேதான். ஆனால் ஊர்க் கணக்கில் பள்ளியின் மதிப்பு ஒரே காலையில் ஏறிவிட்டது. அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாமல் வாசிக்கிறதா, கடன் வாங்கிக் கழிக்கிறதா என்ற பேச்சு எந்த டீக்கடையிலும் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. ஆட்சியர் செய்தது துணிச்சலான காரியம், அதில் மாற்றுக் கருத்தில்லை. அவரை வைத்து நாம் பள்ளியை எடைபோட்ட விதம்தான் எனக்கு உறுத்தல்.

ஏனென்றால் எடைபோடத் தெரியாத ஊர் அல்ல இது. அந்தியூர்ச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டுக்கு வயது சொல்வார்கள். ஈரோட்டு மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். நூலை இரண்டு விரலில் உருட்டிப் பார்த்தே கவுண்ட் சொல்லும் ஆட்கள் சோமனூரில் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், பிள்ளையைச் சேர்க்கும்போது மட்டும் வேன் என்ன நிறம், வாசலில் என்ன வளைவு, பக்கத்துத் தோட்டத்துப் பையன் எங்கே போகிறான் என்று பார்க்கிறோம். மஞ்சளை ஒடிப்பதுபோல் பள்ளியை ஒடித்துப் பார்க்க முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு இதுவரை யார் யார் என்னென்ன எடைக்கல்லைத் தட்டில் வைத்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

பழைய கல் ஒன்று 1822-ஐச் சேர்ந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை நாட்டுப் பள்ளிகள், எத்தனை மாணவர், என்னென்ன சாதி என்று கணக்குக் கேட்டார். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன். பின்னால் ஊட்டியை உருவாக்கியவர் என்று பெயர் வாங்கிய அதே சல்லிவன்தான். அவர் அனுப்பிய கணக்கில் 763 பள்ளிகள், 8,206 மாணவர்கள். தரம்பால் 1983-ல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, வெள்ளைக்காரன் வருமுன் நம் கல்வி எப்படி இருந்தது என்ற சண்டைக்கு இரு தரப்பும் இதே எண்களைத்தான் ஆயுதமாக எடுக்கின்றன. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. வகுத்துப் பாருங்கள், அவ்வளவுதான். ஒரு பள்ளிக்குப் பதினோரு பிள்ளைகூட வரவில்லை. இன்றைக்குப் பதினோரு பிள்ளை உள்ள ஒன்றியப் பள்ளியை மூடலாமா, பக்கத்துப் பள்ளியோடு இணைக்கலாமா என்று யோசிக்கிறோம். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: மன்றோவின் கேள்வித்தாளில் தலை எண்ணச் சொல்லியிருந்தது, அந்தத் தலைக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்கவில்லை.

உள்ளே போனதை அளக்கப் புறப்பட்டபோது வேறு வினை வந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862-ல் கொண்டுவந்த விதிப்படி, ஆய்வாளர் வந்து பிள்ளைகளை வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். சென்னை மாகாணத்திலும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை நடந்தது. விளைவு என்னவாக இருக்கும் என்று வாத்தியார் வீட்டில் வளர்ந்த யாரும் சொல்லிவிடுவார்கள். ஆய்வாளர் கேட்கும் பாடத்தை மட்டும் உருப்போட வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் இங்கிலாந்துப் பிள்ளைகள் ஒப்பித்த கதை அங்கே பிரசித்தம். கவிஞர் மாத்யூ அர்னால்டு பிழைப்புக்குப் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். இந்த முறையைக் கடைசிவரை எதிர்த்தார். இந்தப் பழைய கதையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கல்வித் துறையின் எமிஸ் செயலி பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அதன்பின் வந்த தலைமுறைக்கு, பள்ளி இருப்பதே பெரிய தரம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், குலக் கல்வி என்று பெயரெடுத்து மாநிலத்தையே கொதிக்க வைத்தது. காமராசர் முதல்வரானதும் 1954 மே மாதம் சட்டமன்றத்தில் அதைக் கைவிட்டதாக அறிவித்தவர் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர். அடுத்த எட்டு ஆண்டுகளில் குக்கிராமங்கள்வரை போன பள்ளிகளும் 1956-ல் தொடங்கிய மதிய உணவும் அவர் காலத்துக் காரியங்கள். அதற்குச் சற்று முன்னால், 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் வேறொரு கல்லை வைத்திருந்தார். 1930-ல் அவர் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் ஆதாரக் கல்விக்குப் பெயர்போன இடமானது. கை என்ன செய்யக் கற்றது என்று பார்த்துப் பள்ளியை எடைபோட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் கட்சி. தக்ளியோடு அந்தக் கட்சியும் பரணுக்குப் போய்விட்டது. இன்றைய ஒன்றியப் பள்ளிகளில் கைவேலை என்று ஒன்று நடக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1981 ஜூனில் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். சம்பளம் உறுதியானது, மாறுதலும் பதவி உயர்வும் முறைப்பட்டன, ஒன்றியத் தலைவரின் தயவில் பிழைக்கும் நிலை போனது. நல்லது. ஆனால் வாத்தியாருக்கும் ஊருக்கும் இருந்த கயிறும் அன்றைக்குத்தான் தளர்ந்தது என்று பழைய ஆட்கள் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. பெயரில் இன்னும் ஒன்றியம் இருக்கிறது, மக்கள் வாயில் யூனியன் ஸ்கூல்தான். ஒன்றியத்துக்கும் பள்ளிக்கும் மிச்சமிருக்கும் உறவு பெரும்பாலும் சுவரும் கூரையும்தான்.

சுவரும் கூரையும் என்றதும், நம் காலத்தின் பெரிய எடைக்கல் அதுதான். 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்தால் வகுப்புக்கு ஓர் அறை, ஆண் பெண் தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம் என்று போகும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம். எல்லாம் எண்ணக்கூடியவை, எண்ணவும் வேண்டியவை. கழிப்பறை இல்லாத பள்ளியில் ஒரு பெண் குழந்தை காலை ஒன்பது முதல் நாலு வரை எப்படி இருக்கும் என்று யோசித்தால், இதை அற்பம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எண்ணிக்கை நிறைந்தால் கல்வியும் நிறையும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் 1966-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு, பள்ளிக்குப் பள்ளி கட்டடத்திலும் கருவிகளிலும் உள்ள வேறுபாட்டைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கிறது என்று சொல்லி அந்நாட்டையே திடுக்கிட வைத்தது. பிற்கால ஆய்வாளர்கள் அதைப் பல இடத்தில் திருத்தினார்கள். ஆசிரியர் யார் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். டைல்ஸும் பெயிண்டும் மட்டும் போதாது என்ற பகுதியை யாரும் திருத்தவில்லை.

இங்கே காரமடை ஒன்றியத்து ராமம்பாளையம் தொடக்கப் பள்ளியைச் சொல்ல வேண்டும். சுமார் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதன் வகுப்பறைப் படங்கள் தமிழ்நாடெங்கும் சுற்றின. பளபளக்கும் தரை, வண்ணச் சுவர், உட்கார வசதியான நாற்காலி. 'அரசுப் பள்ளியா இது?' என்பதே எல்லோர் கேள்வியும். எனக்கு அந்தப் படங்களில் பிடித்தது தரை அல்ல, அந்தத் தரைக்கு யார் காசு போட்டார்கள் என்ற கதை. ஆசிரியர்கள் ஊர்க்காரர்களிடம் போய்ப் பேசி, ஊர் சேர்ந்து செய்த வேலை அது. காசு போட்டவன் கேள்வி கேட்பான். கேள்வி கேட்கும் ஊர் இருக்கும் பள்ளியில் வாத்தியாரும் தலை நிமிர்ந்து நிற்பார். படத்தைப் பார்த்துவிட்டு மற்ற ஊர்களில் தரையை மட்டும் பளபளக்க வைத்தவர்கள் பாதிக் கதையைத்தான் படித்தார்கள்.

*

கட்டடத்துக்கு அடுத்து, நாம் அதிகம் நம்புவது சேர்க்கை எண்ணிக்கையை. 'அந்தப் பள்ளிக்கோடத்துல பன்னெண்டு புள்ளைகதானுங்க' என்றால் தீர்ப்பு முடிந்தது. இது எவ்வளவு கோணல் கல் என்பது கொங்கு நாட்டில் நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டிலேயே பிறப்பு விகிதம் முதலில் சரிந்த வட்டாரங்களில் இது ஒன்று. தோட்டத்துக்கு ஒரே பிள்ளை என்ற வழக்கம் இங்கே இரண்டு தலைமுறைப் பழசு. பிள்ளையே பிறக்காத ஊரில் பள்ளி எதைக் காட்டும்? 2019-ல் ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகளை நூலகமாக மாற்றுகிறோம் என்று அரசு அறிவித்தபோது, பட்டியலில் மலைப்பகுதிப் பள்ளிகளும் இருந்தன. எஸ்டேட் லயன்கள் காலியாகி, குடும்பங்கள் சமவெளிக்கு இறங்கிவிட்டன. அதற்கு வாத்தியார் என்ன செய்வார்?

மறுபக்கம் திருப்பூர். அங்கே பிள்ளைகள் நிரம்பி வழியும் பள்ளிகள் உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று பல திசையிலிருந்தும், தேனி, மதுரை, சிவகங்கை என்று நம் தெற்கிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அம்மா செக்கிங், அப்பா பவர் டேபிள். அக்டோபரில் ஆயுத பூஜை முடிந்து ஒரு பிள்ளை வந்து சேரும். ஆர்டர் குறைந்தாலோ சொந்த ஊரில் ஒரு சாவு விழுந்தாலோ பிப்ரவரியில் சொல்லாமல் போய்விடும். வீட்டில் ஒடியா, தெருவில் இந்தி, பள்ளியில் தமிழ். இப்படிப்பட்ட ஒரு வகுப்பையும், கோபிப் பக்கத்தில் முதல் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்து வரும் இருபது பிள்ளைகளின் வகுப்பையும் ஒரே தேர்வில் உட்கார வைத்து, சராசரியைப் பார்த்துப் பள்ளிக்கு மதிப்பெண் போட்டால், அது ஓட்டப் பந்தயத்தில் ஒருவரைப் பாதி வழியிலிருந்தும் மற்றவரைத் தொடக்கக் கோட்டுக்கு ஐம்பது மீட்டர் பின்னாலிருந்தும் ஓடச் சொல்வது போல. அந்த ஒடியாப் பிள்ளை நாலு மாதத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதி, பஸ் போர்டைப் படித்துவிட்டால், அந்த வாத்தியார் செய்தது பெரிய வேலை. எந்த அட்டவணையிலும் அது ஏறாது.

தேர்வு என்ற கல்லுக்கு வருவோம். இதில்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

'அசர்' என்ற ஆய்வை பிரதம் அமைப்பு 2005-லிருந்து நடத்துகிறது. பள்ளிக்குப் போகாமல் கிராமத்து வீடுகளுக்குப் போய், பிள்ளையிடம் ஒரு தாளை நீட்டிப் படிக்கச் சொல்லும். எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. 2022 ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 4.8 பேர். 2018-ல் இது 10.2. ஐந்தாம் வகுப்பில் 40.7 ஆக இருந்தது 25.2 ஆகியிருந்தது. கொரோனாவில் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்ததன் வடு அது. ஆனால் கொரோனாவுக்கு முன்னும் எண் பெருமைப்படும்படி இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

உடனே இரண்டு கூச்சல் கிளம்பும். ஒரு பக்கம், 'பாத்தீங்களா, அரசுப் பள்ளி லட்சணத்தை' என்று. அந்த எண்ணில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்தி என்பது அவர்களுக்குத் தெரியாது. தமிழ் வாசிப்பில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்ற ஆண்டுகளும் அசர் அட்டவணைகளில் உண்டு. இன்னொரு பக்கம், தன்னார்வலர்கள் வாசலில் நின்று எடுத்த கணக்கு, செல்லாது என்று ஆசிரியர் சங்கக் குரல். தமிழின் உயிர்மெய் வரிசைகளைப் பிடிக்கப் பிள்ளைக்குக் கூடுதல் காலம் வேண்டும், மூன்றாம் வகுப்பில் திணறியது ஐந்தில் ஓடும் என்று அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எண்களும் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே பெரிய ஏற்றத்தைக் காட்டுகின்றன. ஆனால் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் நாலு பேரில் மூன்று பேர் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்கத் திணறினால், உயிர்மெய்யைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

இதோடு ஒன்றிய அரசின் தேசிய அடைவுத் தேர்வு 2021 நவம்பரில், அதன் புதிய வடிவம் 2024 டிசம்பரில், மாநிலத் திட்டக் குழு முன்னின்ற மாநில அடைவுத் தேர்வு 2025 பிப்ரவரியில் என்று வரிசையாக வந்திருக்கின்றன. அடைவுத் தேர்வு முடிவு வந்ததும் எந்த மாவட்டம் முதல், எந்த மாவட்டம் கடைசி என்று செய்தித்தாள்கள் பட்டியல் போடும். கோவை எத்தனையாவது என்று நாமும் ஆவலாகத் தேடுவோம். ஒரு மாவட்டத்தின் சராசரி, வால்பாறை எஸ்டேட் பள்ளியைப் பற்றியும் ஆர்.எஸ்.புரத்து மாநகராட்சிப் பள்ளியைப் பற்றியும் ஒரே வாக்கியத்தில் பேசும். பெற்றோருக்கு அதனால் பயனில்லை, ஆட்சியருக்கு வேண்டுமானால் கூட்டத்தில் தலைகுனிவோ நிமிர்வோ மிஞ்சும்.

எனக்கு இவற்றையெல்லாம்விட உபயோகமாகப் பட்டது ஒரே ஓர் ஆய்வு. அபிஜித் சிங், மௌரீசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் எவ்வளவு இழந்திருந்தார்கள், பள்ளி திறந்தபின் எவ்வளவு வேகமாக மீட்டார்கள் என்று அளந்தார்கள். இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் உள்ளூர்ப் பெண்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மூடிக்கிடந்தபோது எவ்வளவு போனது, திறந்ததும் எவ்வளவு வந்தது என்று பார்த்தால், நாம் மட்டமென்று ஒதுக்கும் யூனியன் ஸ்கூல் தினமும் ஓசையில்லாமல் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பது தெரிகிறது. பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைவிட, எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று பார்க்கும் கல் இது. என் கட்சியும் இதுதான்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்தக் கல்லைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஒவ்வொன்றும் அடுத்த நிலைக்கு எப்போது நகர்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. முதலில் மூன்று வகுப்புக்கு, அடுத்த ஆண்டு ஐந்து வரைக்கும். கருத்து அருமை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலின் ஏணிப்படி அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் வேர் தெரியும். சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. ஒவ்வொரு மதிப்பீடும் எமிஸ் செயலியில் ஏற வேண்டும். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போன நாளில் மிச்சம் ஒரே ஆள். அந்த ஒருவர் கையில் போன். பதிவேற்றாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், அரும்பு மொட்டாகாவிட்டால் வராது. ஆகவே செயலியில் எல்லா அரும்பும் குறித்த நாளில் மொட்டாகிவிடுகிறது. லோவின் மானியம் இங்கே காசாக வரவில்லை, வேறு உருவத்தில் வந்திருக்கிறது. எடைக்கல் நல்லதுதான், தராசைப் பிடித்திருப்பவருக்குப் பயம் இருந்தால் முள் அசையாது.

தனியாருடன் ஒப்பிடாமல் கொங்கு நாட்டில் பள்ளிப் பேச்சு முடியாது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று சொன்னாலே தமிழ்நாட்டுக்கு இரண்டு ஞாபகம் வரும், முட்டையும் மதிப்பெண்ணும். பிராய்லர் பள்ளி என்ற சொல்லே இந்த மண்ணில் விளைந்ததுதான். (சத்துணவுத் தட்டில் விழும் முட்டையும் நாமக்கல்தான், இரண்டு வகைப் பள்ளிக்கும் தீவனம் ஒரே ஊரிலிருந்து.) தொடக்க வகுப்பில் தனியார் பள்ளி உண்மையில் என்ன தருகிறது? ஆந்திராவில் 180 கிராமங்களில் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் குலுக்கல் முறையில் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி இடம் கொடுத்து நாலு ஆண்டு கவனித்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளியில் தங்கிய பிள்ளைகளைவிட இவர்கள் மேலில்லை. இந்தியில் மட்டும் மேல். அரசுப் பள்ளிக்காரர்கள் இதைப் படித்துக் கைதட்டுவதற்கு முன் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: அதே பலனைத் தனியார் பள்ளிகள் மூன்றில் ஒரு பங்கு செலவில் தந்தன. சம்பளக் குறைவுதான் காரணம் என்பது சரி. ஆனாலும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு நாம் தரும் சம்பளத்துக்கு இன்னும் கேட்க உரிமை இருக்கிறது.

2012 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. தமிழும் தடுமாறும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கணக்குச் சொல்லித்தருவது வேனோடு போட்டி போடும் ஆசை. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டார்கள், கொடுத்தார்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

*

எந்த ஆய்வுப் படிவத்திலும் கட்டம் இல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது.

2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், காலை உணவைப் பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆட்சியரே நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. 2018-ல் அவினாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஓர் அருந்ததியப் பெண்ணைச் சத்துணவு சமைக்கவிடாமல் தடுத்தார்கள். 2022-ல் பெருந்துறைப் பக்கம் ஓர் ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். இந்தப் பள்ளிகளில் வாசிப்புச் சராசரி எவ்வளவு என்று நான் தேடவில்லை. தேடி என்ன?

வேனில் ஏறும் பிள்ளை எது, நடந்து போகும் பிள்ளை எது என்று கொங்குக் கிராமத்தில் பார்த்தால், பல ஊர்களில் யூனியன் ஸ்கூல் என்பது சேரிப் பிள்ளைகளின் பள்ளியாகச் சுருங்கிவிட்டது தெரியும். 'அங்க எல்லாம் அவங்க புள்ளைகதானுங்க' என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். பள்ளியின் தரம் என்று வாய் திறக்கும் பாதிப் பேர் பேசுவது தரத்தை அல்ல, இதைத்தான். இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் கட்டுரை பொய்யாகிவிடும்.

அப்படியானால் ஒரு பெற்றோர் பள்ளியை எப்படி ஒடித்துப் பார்ப்பது? வேலை நாளில், மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்துப் போங்கள். வகுப்பில் முதல் வரிசைக் கெட்டிக்காரியை விட்டுவிடுங்கள், அவள் எங்கே படித்தாலும் படிப்பாள். கடைசியில், சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா பாருங்கள். அந்தப் பிள்ளையின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக் மட்டும் இருந்தால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள். தப்பைச் சுழித்து, பக்கத்தில் சரியாக எழுதிக்காட்டி, மறுநாள் பிள்ளை அதையே திருத்தி எழுதியிருந்தால், அந்தப் பள்ளியில் ஒரு ஆசிரியர் இருக்கிறார். பாடப்புத்தகம் வேண்டாம், சட்டைப்பையில் இருக்கும் பஸ் டிக்கெட்டையோ மருந்துச் சீட்டையோ கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் அதில் நடக்காது. நூலகப் புத்தகங்கள் பீரோவுக்குள் இருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறைச் சாவியையும் அப்படியே. மதியம் வரை இருக்க முடிந்தால், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். அதே பிள்ளையை ஆறு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். முதல் தடவை பார்த்ததற்கு அப்போதுதான் பொருள் வரும்.

இது ஒரு வெளி ஆள் ஒருநாள் வந்து செய்யும் காரியமல்ல. பள்ளி மேலாண்மைக் குழு அதற்குத்தான். சட்டப்படி நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள், தமிழ்நாட்டில் தலைவரும் ஒரு தாய். தன் பிள்ளை ஜூனில் எப்படிப் படித்தது, டிசம்பரில் எப்படிப் படிக்கிறது என்று தெரிந்தவர் அவர்தான், எமிஸ் அல்ல. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அவர் பிள்ளைதான். ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில். அந்த நேரத்தில் அவர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறார், ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டில் இருக்கிறார், தோட்டத்தில் மஞ்சளுக்குக் களை வெட்டுகிறார். பாதியில் கிளம்பினால் அரை நாள் கூலி போகும். ஆகவே தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்கு வீடு தேடி வருகிறது, அவரும் போட்டுக்கொடுக்கிறார்.

2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. இடம் போதாமல் மரத்தடியில் நின்றவர்கள் உண்டு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக் கல்வித் துறை கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களிலாவது குழுக் கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்ற வேண்டும். வந்து உட்காரும் ஆசிரியருக்கு வேறொரு நாள் ஈடுசெய் விடுப்புக் கொடுத்துவிடலாம்.